வீரய்யா வீட்டுக் கள்ளன் மணி

என் மச்சான் வீரய்யாவை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கெட்டவர் என்று வேறு யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டேன். என் அக்கா அழகம்மாவின் புருஷன் அவர். உடப்புசல்லாவைப் பக்கம் குருவிக்கல் தோட்டத்தில் இரவுக் காவல் வேலை. வாச்சர் வீரய்யா என்றால் மூன்று தோட்டத்துக்குத் தெரியும். தெரிந்ததற்குக் காரணம் அவருடைய காவல் இல்லை, சந்தேகம்.

மண்ணெண்ணெய்ப் போத்தலில் நகத்தால் கோடு கீறி வைப்பார். சீனி டின்னைத் திறந்து, சீனியின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டு மூடுவார். வட்டம் கலைந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளங்கையை மோந்து பார்ப்பார், சீனி வாசம் வருகிறதா என்று. ஒரு நாள் நான் அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பியபோது என் சட்டைப் பையை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மச்சான், அவுத்துக் காட்டவா?" என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவில்லை. காட்டச் சொல்லலாமா என்று யோசித்தார்.

ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்னால் அவர் இவ்வளவு மோசமில்லை. அந்தக் கலவரத்தில் தமிழரை அடிக்க லொறிகளில் ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வரிசையாகக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் இருந்த எங்கள் லயத்துச் சனம் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே துரை பங்களாவுக்கு ஓடியது. அன்றிருந்த துரை ஊரில் இல்லை. பங்களாவில் இருந்தவர் சமையல்காரர் சூசைரட்ணம் ஒருவர்தான். அவர் யாரிடமும் கேட்கவில்லை. பின்பக்கம் இருந்த விறகுக் காம்பராவைத் திறந்து எங்கள் எல்லாரையும் உள்ளே தள்ளி, வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குசினி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். வந்தவர்கள் அவரிடம் சிங்களத்தில் கேட்டதும், அவர் சிங்களத்திலேயே இங்கே ஒரு குருவிகூட வரவில்லை என்று சொன்னதும் எங்களுக்கு உள்ளே கேட்டது. அவர் மனைவி தெரேசா, ஆட்கள் போன பிறகு, ஜன்னல் கம்பி வழியாக எங்களுக்கு ரொட்டி கொடுத்தாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது வீடுகள் துடைத்து வைத்தது போல இருந்தன. லொறியில் வந்தவன் எடுத்தான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நாள் கழித்து, கீழ்ப் பிரிவில் ஒரு கல்யாண வீட்டில், மச்சானின் தாயார் வைத்திருந்த பித்தளைக் குடம் தண்ணீரோடு நின்றது. அந்த வீட்டுக்காரன் மச்சானின் கையால் சோறு வாங்கித் தின்றவன். மச்சான் அந்தக் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிறகுதான் சீனியில் வட்டம் போட ஆரம்பித்தார்.

எண்பத்திரண்டில் புதுத் துரை வந்தார். தன்மையான சிங்கள மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். துரைசாணி பிள்ளைகளின் படிப்புக்காகக் கண்டியில் இருந்தார். துரை காலையில் மலையில் நடக்கிற வேலையை மேற்பார்க்கப் போனால் பங்களா வெறும் வீடு. குசினியில் சூசைரட்ணம், பின்னால் சின்ன வீட்டில் தெரேசா, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் பட்டப்பகலில் களவு போனதும் துரைக்குத் தூக்கம் போயிற்று. வெளிநாட்டிலிருந்த அவருடைய தம்பி ஒரு சாமானை அனுப்பி வைத்தார். பங்களாவின் கதவு ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதிலிருந்து இரட்டைக் கம்பி. துரை வெளியே போகும்போது உள்ளே சாவியைத் திருப்பிவிட்டுப் போவார். அதன் பிறகு எவனாவது கதவைத் திறந்தால் இரண்டு கம்பியும் ஒட்டும். ஒட்டினால் மணி அடிக்கும்.

மணி அடிக்க வேண்டிய இடம் பங்களா இல்லை என்பதுதான் அதில் விசேஷம். பங்களாவில் அடித்தால் கள்ளன் ஓடிப்போவான். எங்கேயோ ஒரு வீட்டில் அடிக்க வேண்டும், அங்கிருந்து ஒருவன் ஓடிவந்து கள்ளனைப் பிடிக்க வேண்டும். பகலில் வீட்டில் படுத்திருக்கிற ஒரே ஆம்பிளை இரவுக் காவல்காரன். அப்படித்தான் பங்களாவிலிருந்து ஐந்தாம் நம்பர் மலை வழியாகக் கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து, எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் என் மச்சான் தலைமாட்டில் ஒரு மணியை ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள். தோட்டத்தில் அதற்குக் கள்ளன் மணி என்று பேர் வந்தது.

சந்தேகப் பிராணிக்குச் சம்பளம் கொடுத்துச் சந்தேகப்படச் சொன்னால் எப்படி இருக்கும்? மச்சான் ஒரு சுற்றுப் பெருத்தார். அக்கா அந்த மணிக்கு ஒரு வெள்ளிக்கிழமை திருநீறு பூசினாள். துருப்பிடிக்கும் என்று அவளைத் திட்டித் துடைத்தார். பக்கத்துக் காம்பரா ராசம்மா அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். உன் பிள்ளை அழுதால் மணிச் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கும் என்று அவளோடும் சண்டை. அக்கா என்னிடம் வந்து, "எனக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்து செவத்துல மாட்டிட்டாங்க தம்பி" என்றாள்.

மணி முதல் தடவை அடித்தது ஆனி மாதத்து மழை நாளில், காலை நேரம். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தடியோடு குறுக்குப் பாதையில் பறந்தார். அந்தப் பாதை மலைக்குப் பின்பக்கமாகப் போகும். போய்ப் பார்த்தால் கதவு எல்லாம் சாத்தியது சாத்தியபடி. சூசைரட்ணம் குசினியில் முட்டைக்கோவா நறுக்கிக்கொண்டிருந்தார். என்ன அண்ணே, இப்படி மூச்சு வாங்குது, உக்காருங்க என்று கோப்பியும் கொடுத்தாராம். மச்சான் கோப்பியைக் குடித்தார். குடித்துக்கொண்டே குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் இருந்த கதவைப் பார்த்தார்.

துரைக்கு மச்சான் ஓடிவந்த வேகம் பிடித்திருந்தது. நல்ல வேலை வீரய்யா என்று சொன்னார்.

அடுத்த வாரமும் அடித்தது. அதற்கடுத்த வாரமும். எப்போதும் காலையில், துரை மலையில் நிற்கும் நேரத்தில். ஒவ்வொரு தடவையும் மச்சான் ஓடினார், கதவு சாத்தியிருந்தது, சூசைரட்ணம் குசினியில் இருந்தார். ஒரு சாமானும் காணாமல் போகவில்லை. நுவரெலியாவிலிருந்து வயர்க்காரர் வந்து பங்களாவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "மெஷின் பொரு கியன்னெ நே" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் பொய் சொல்லாது. அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது என் மச்சானுக்கு.

மெஷின் பொய் சொல்லாது என்றால் மனுஷன் பொய் சொல்கிறான். எந்த மனுஷன்? பங்களாவில் இருப்பது ஒரு மனுஷன்தான்.

நான் கேட்டேன், ஒன்றுமே காணாமல் போகாதபோது அது என்ன களவு மச்சான் என்று. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இப்போது எடுத்தால் அகப்பட்டுக்கொள்வான், மணி அடிக்கிறதா, எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறான் என்று பார்த்துப் பழகிக்கொள்கிறான், ஒரு நாள் மொத்தமாக வழித்துக்கொண்டு போவான் என்றார். தெரேசா டவுனுக்குப் பையோடு போவதும் வாரத்துக்கு ஒரு தடவைதான், மணி அடிப்பதும் வாரத்துக்கு ஒரு தடவைதான் என்றார். அவள் போவது மாதா கோவிலுக்கு என்றேன். "கோயிலுக்குப் போறவளுக்கு எதுக்குடா அம்மாம் பெரிய பை?" என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சுவரோடு முட்டிக்கொள்ள எனக்குத் தலை ஒன்றுதான் இருக்கிறது.

பிறகு மச்சான், துரையின் அனுமதியோடு, அந்த நடுக் கதவின் குறுக்கே கறுப்பு நூல் ஒன்று கட்டினார். மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். நூல் அறவில்லை. வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் கள்ளன் இல்லை என்று முடிவு செய்திருப்பான். மச்சானோ நூலை அவிழ்த்து மறுபடி அதே மாதிரி முடிச்சுப் போடத் தெரிந்தவன் எவ்வளவு பெரிய கள்ளன் என்று திகைத்துப்போய்த் திரும்பி வந்தார்.

இதெல்லாம் சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கும், சூசைரட்ணத்தின் நிலைமை வேறாக இருந்திருந்தால். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து வெகு நாள் ஆகியிருந்தது. தோட்டத்துச் சனத்தில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில், அவருடைய அப்பா காலத்தில் எழுதிப்போட்ட விண்ணப்பம். தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியவர். ஆனால் அவரும் தெரேசாவும் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை, அங்கே அவர்களுக்கு ஒரு நாய்கூடத் தெரியாது. அவர்களுடைய ஒரே பிள்ளையைப் புதைத்த இடம் இந்தத் தோட்டத்துச் சவுக்கு மரத்தடி. தெரேசா ஒவ்வொரு வாரமும் டவுன் கோவிலிலிருந்து வரும்போது அந்தப் பையில் கொண்டுவருவது மெழுகுவர்த்தி. துரைமார் ஒவ்வொருவரும் இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவருடைய பயணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. துரை அந்த ஒரு சொல்லை நிறுத்தினால் முடிந்தது. பங்களா வேலைக்காரனுக்கு லயத்தில் காம்பராவும் கிடையாது. வேலை போகிற அன்றைக்கே வீடும் போகும், நாடும் போகும்.

இது மச்சானுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் துரையிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னார். எழுபத்தேழில் சூசைரட்ணம் பழைய துரையிடம் கேட்காமல் விறகுக் காம்பராவைத் திறந்ததைச் சொன்னார். "அன்னைக்கே எந்தச் சாவி எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் தொரை. கேக்காம தொறந்து பழகுன கை" என்று சொன்னாராம். துரையின் கிளாக்கர் என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு நம்ப முடியவில்லை. நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஆமாம் என்றார். நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தக் காம்பராவுக்குள் நீ உட்கார்ந்திருந்தாய், உன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று கத்தினேன். மச்சான் கத்தவில்லை. என் தாயின் குடத்தை எடுத்தவனும் நம்ம வீட்டில் சாப்பிட்டவன்தான் என்று மட்டும் சொன்னார். அக்கா அடுப்பங்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

துரை சாவிகள் எல்லாவற்றையும் சூசைரட்ணத்திடமிருந்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். மச்சானின் யோசனைப்படி விறகுக் காம்பராக் கதவுக்கும் ஒரு பெரிய பூட்டும் கள்ளன் மணிக் கம்பியும் வந்தன. எலி கடிக்காமல் அந்தக் கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு பதித்தார்கள். துரை சூசைரட்ணத்தைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை காரணமில்லாமல் மணி அடித்தால் உனக்காக நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயந்தரம் சூசைரட்ணம் லயத்துக்கு இறங்கி வந்தார். பங்களா ஆட்கள் சாதாரணமாக லயத்துக்கு வருவதில்லை. நானும் அங்கே இருந்தேன். மச்சான் உட்காரச் சொல்லவில்லை. சூசைரட்ணம் சுவரில் தொங்கிய மணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, நான் அந்தக் கதவத் தொடலண்ணே."

மச்சான் மணி தொங்கிய ஆணியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நம்புறீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"மணி அடிக்குதே சூச" என்றார் மச்சான்.

சூசைரட்ணம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மேட்டில் ஏறிப் போவதை மச்சான் வாசலில் நின்று கடைசிவரை பார்த்தார். எந்தப் பாதையில் போகிறான் என்று பார்த்தார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

ஆனாலும் மனுஷனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அல்லது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியா, எனக்குத் தெரியாது. அந்த வாரம் துரையிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வீட்டில் படுக்காமல் பங்களாவுக்கே போய், நடுக் கதவுக்கு எதிரே குசினியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வீட்டில் மணியைக் கேட்க ராசம்மாவை வைத்துவிட்டுப் போனார். அடித்தால் உடனே ஓடி வா என்று உத்தரவு. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. சூசைரட்ணம் அவருக்கு முன்னாலேயே சமைத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு தட்டை மச்சான் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாராம். மச்சான் அதை முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாராம்.

பிறகு ஒரு மழை நாள். ராசம்மா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து குசினி வாசலில் நின்றாள்.

"மணி அடிக்குது. நான் வரும்போதும் நிக்கல, அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."

மச்சான் நடுக் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. அவருடைய கண் அதை விட்டு நகரவே இல்லை. சூசைரட்ணம் அவருக்கு எதிரே அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். அரைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருப்பான். என் மச்சான், "அப்ப உள்ள வேற எவனோ இருக்கான்" என்றார். துரை கொடுத்திருந்த சாவியால் திறந்து ஒவ்வொரு அறையாகப் புகுந்து, கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குள், குளிக்கும் அறையில் எல்லாம் தேடினார். ஈ, காக்கை இல்லை. பிறகுதான் ஜன்னல் வழியாகக் கம்பியைப் பார்த்தார். கம்பி கம்பத்துக்குக் கம்பம் கீழே ஐந்தாம் நம்பர் மலைக்குள் இறங்கிப் போனது. அது எங்கே போகிறது என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

நான் அப்போது அந்த மலையில்தான் நின்றேன். எனக்குக் கொழுந்து நிறுக்கிற வேலை. காலை நிறுவை முடிந்து, பொம்பளைகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்கு இருக்கிறதே, படங்கு என்போம், மழையில் அது தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். தேத்தண்ணி நேரத்தில் அதை அவிழ்த்தால்தான் இடுப்பு இடுப்பாக இருக்கும். தரையில் போட்டால் சேறு. தேயிலைச் செடி மேல் போட்டால் கங்காணி கொழுந்து முறிகிறது என்று பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டுவார். வெயில் நாளில் அவிழ்க்கவே மாட்டார்கள். மழை நாளில் எங்கே போடுவார்கள்? நிறுவை நடக்கிற மேட்டில், நின்றால் கைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஒரு கம்பி ஓடியது. கடவுளே கட்டிக்கொடுத்த கொடி மாதிரி. அந்த மலைக்குக் கொழுந்து முறை வாரத்துக்கு ஒரு தடவை வரும். வருகிற ஒவ்வொரு தடவையும் படங்கு வரிசையாகத் தொங்கும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி காயப் போட்டால் பார்க்கிறவன் மணியையா நினைப்பான்?

மச்சான் தேயிலைக்குள்ளால் கம்பியைப் பார்த்தபடியே இறங்கி வந்தார். பின்னால் சூசைரட்ணம், அவருக்குப் பின்னால் பிள்ளையோடு ராசம்மா. கம்பியில் ஏழெட்டுப் படங்கு சொட்டச் சொட்டத் தொங்கியது. நடுவில் நீலச் சீலைத் துண்டு வைத்துத் தைத்த படங்கு என் அக்காவுடையது. அதன் கனத்தில் இரண்டு கம்பியும் தாழ்ந்து, கம்பத்து ஆணியில் உரசி ரப்பர் தேய்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் கிட்டப் போனார். அக்காவின் படங்கை எடுத்தார். கம்பிகள் பிரிந்தன.

"என்னாங்க, படங்கத் திருடவா வந்தீங்க?" என்று அக்கா கேட்டாள். பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றது. பிறகு சூசைரட்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

துரைக்கு நடந்ததை மச்சானேதான் போய்ச் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. என் பெண்டாட்டிதான் மணி அடித்திருக்கிறாள் என்று சொன்னாராம். துரை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கம்பியை உயர்த்திக் கட்டச் சொன்னார். சூசைரட்ணத்தைக் கூப்பிட்டு முதுகில் தட்டி, நீ இருக்கலாம், உன் பயணத்தை மறுபடி தள்ளச் சொல்கிறேன் என்றார்.

சூசைரட்ணம் வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் யாருக்கும் நம்ப முடியவில்லை. அக்கா பங்களாவுக்குப் போய்த் தெரேசாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். தெரேசா அழுதாள். கடைசியில் மச்சானும் போனார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சூசைரட்ணம் ஒரு தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மச்சான் நின்றபடியே, தப்பு நடந்துபோச்சு சூச, மனசுல வச்சுக்காத என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சூசைரட்ணம் கயிற்றை இறுக்கிவிட்டுச் சொன்னார். "கள்ளன்னு நெனச்சீங்க, அது பரவால்லண்ணே. மணி அடிச்சா யாரும் நெனப்பாங்க. அன்னைக்கு ஒங்களுக்குத் தொறந்துவிட்டேன் பாருங்க, அதக் கொண்டுபோய்ச் சாட்சியா வச்சீங்க. இனிமே இங்க எந்தக் கதவத் தொறக்கவும் எனக்குக் கை வராது."

பெட்டியை ரோட்டுக்குத் தூக்கிவர நானும் உதவினேன். போகும்போது தெரேசா சவுக்கு மரத்தடிக்குப் போய்விட்டு வந்தாள். ரயில் நிலையத்துக்கு லொறி, அங்கிருந்து ரயில், அதற்குப் பிறகு கப்பல். வருஷக் கடைசியில் போனார்கள்.

பங்களாவில் சமைக்கப் புது அப்பு வந்தான். சாவிகள் துரையிடமே இருந்தன. விறகுக் காம்பராவின் பெரிய பூட்டும் கள்ளன் மணிக் கம்பியும் அப்படியே இருந்தன. உயர்த்திக் கட்டிய பிறகு மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. மச்சான் சில நேரம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அடுத்த ஆடியில் மறுபடி கலவரம். எண்பத்து மூன்று. மத்தியானம் கடந்த நேரத்தில் கீழ் ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது, கீழ்ப் பிரிவிலிருந்து புகை எழும்பியது. எங்கள் கால் தானாகவே பழைய பாதையில் ஓடிற்று. ராசம்மா நடக்கப் பழகிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். மணிச் சாவியைத் திருப்பிவிட்டுப் போன துரை கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். புது அப்பு எங்களுக்கு முன்னாலேயே எங்கேயோ ஓடிவிட்டான். நாங்கள் விறகுக் காம்பராவின் முன்னால் போய் நின்றோம். பெரிய பூட்டு. நான் ஒரு கருங்கல்லைத் தூக்கினேன். இரண்டு போடு போட்டால் பூட்டு வந்துவிடும்.

மச்சான் என் கையைப் பிடித்தார்.

"வேணாம்டா. கதவு தொறந்தா கீழ நம்ம காம்பராவுல மணி அடிக்கும். அவனுங்க அங்கதான் நிக்கிறானுங்க."

திரும்பிப் பார்த்தோம். எங்கள் லயத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். அக்காவின் தகரப் பெட்டியை ஒருவன் வெளியே எறிந்தான். மணி அடித்தால், கம்பியைப் பார்த்துக்கொண்டே அவர்கள் நேரே எங்களிடம் வந்து சேர்வார்கள், மச்சான் அன்றைக்கு இறங்கி வந்தது போல. கம்பியைப் பிடுங்கியிருக்கலாமே என்று இன்றைக்கு உட்கார்ந்து யோசிப்பவர்கள் சொல்லலாம். கதவுப் பக்கம் அது இரும்புக் குழாய்க்குள் இருந்தது, மற்ற இடமெல்லாம் கம்பத்தின் உச்சியில். அந்தக் கதவுக்குக் கம்பியும் மச்சான் கேட்டுச் செய்வித்ததுதான். நான் கல்லைக் கீழே போட்டேன்.

மழைக்குள், கவ்வாத்து வெட்டாமல் உயர்ந்து வளர்ந்த தேயிலைக்கு அடியில் எல்லாரும் குப்புறப் படுத்துக்கிடந்தோம். அக்கா தன் படங்கை அவிழ்த்துப் பிள்ளைகள் மேல் போட்டாள். ராசம்மா பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாத தெய்வம் இல்லை. எங்களுக்கு மேலே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், காய்ந்த விறகும் நாலு சுவரும் கூரையும் இருந்தன. அக்கா தலையைத் தூக்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"சூச இருந்திருந்தா தொறந்திருப்பான்."

மச்சான் நெற்றியை மண்ணில் வைத்து அழுதார். சத்தம் வரக்கூடாது என்று வாயில் தேயிலையைக் கடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எங்களை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கீழே போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது, மணியையும் கொண்டுபோய்விட்டார்கள். சூசைரட்ணம் நீலகிரிப் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று மச்சான் சாகும்வரை போகிற வருகிற ஆட்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.